கடையில் கொடுத்த கொட்டேஷன்: இந்தப் பாகங்கள் ஒன்றோடொன்று சேருமா?

பூட்டு_ஊர்க்காரன், 2025 ஆகஸ்ட் 9

எல்லோருக்கும் வணக்கம். ஊர் திண்டுக்கல், கல்லூரி இரண்டாம் ஆண்டு. ஒரு ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பம் வடிவமைத்து ஒன்றரை வருடமாகச் சேர்த்த பணம் கையில் இருக்கிறது. வீட்டில் இருப்பது அப்பா கடையில் கணக்குப் பார்த்த நான்காம் தலைமுறை ஐ3. அதில் விண்டோஸ் 11 ஏறாது. விண்டோஸ் 10-க்கு இந்த அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிகிறது. அதனால் புதிதாகவே ஒன்று அசெம்பிள் செய்துவிடலாம் என்று இறங்கியிருக்கிறேன். விளையாடப் போவது வாலரன்ட், கார் பந்தயங்கள். இடையில் கொஞ்சம் பிளெண்டரில் 3டி வேலை. மானிட்டர் 1080பி, 165 ஹெர்ட்ஸ், ஏற்கெனவே வாங்கிவிட்டேன்.

கடையில் எழுதிக் கொடுத்தது இது:

ரைசன் 5 5500
பி450எம் மதர்போர்டு
டிடிஆர்5 ரேம் 16 ஜிபி, ஒரே குச்சி
ஆர்டிஎக்ஸ் 5060, 8 ஜிபி
எம்.2 எஸ்எஸ்டி 512 ஜிபி
கேபினட், 500 வாட் எஸ்எம்பிஎஸ் (பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி) உட்பட

"எல்லாம் கச்சிதமாகச் சேரும் தம்பி" என்றார். வீட்டில் 600 விஏ யூபிஎஸ் ஒன்று இருக்கிறது. திங்கட்கிழமை முன்பணம் கட்டச் சொல்லியிருக்கிறார். அதற்கு முன் இங்கே ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வந்தேன்.

ரிச்சி_தெரு_நடையன், 2025 ஆகஸ்ட் 9

முன்பணம் கட்டாதீர்கள் தம்பி. மூன்றாவது வரியிலேயே சறுக்கல். பி450 என்பது ஏஎம்4 சாக்கெட் (பிராசசர் உட்காரும் இடம்) கொண்ட போர்டு, அதில் டிடிஆர்4 மட்டும்தான் உட்காரும். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டிலும் 288 தொடுமுனைகள்தான், நீளமும் ஒன்றுதான், ஆனால் நடுவில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும். கடையில் ஒரே மேசையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உடனே தெரியும். அழுத்தினால் இறங்கிவிடும் என்று நினைத்து அழுத்தினால் ஸ்லாட்தான் போகும்.

எழுதும்போது கை தவறியிருக்கலாம். இருந்தாலும் கொட்டேஷனை மறுபடி எழுதி வாங்குங்கள், ஒவ்வொரு பாகத்துக்கும் முழு மாடல் பெயரோடு. "எம்.2 எஸ்எஸ்டி 512" என்று மொட்டையாக எழுதியிருப்பதை ஏற்காதீர்கள்.

வேலூர்_வெயில், 2025 ஆகஸ்ட் 10

தம்பி, நான் பதினோரு வருடமாக வீட்டிலிருந்தே கணினி அசெம்பிள் செய்து கொடுக்கிறேன். ரேம் விஷயத்தை நண்பர் சொல்லிவிட்டார். அது நல்ல வகைத் தவறு, ஏனென்றால் பாகம் உள்ளே போகாது, அங்கேயே தெரிந்துவிடும். எனக்குக் கவலை தருவது எல்லாம் சரியாகப் பொருந்தி, திரையும் எரிந்து, ஆனால் கொடுத்த காசுக்கு ஓடாத பாகங்கள்தான். உங்கள் பட்டியலில் அப்படி இரண்டு இருக்கின்றன.

முதலாவது பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும். ஆர்டிஎக்ஸ் 5060-இன் ஸ்லாட் முனை பார்க்க முழு நீளமாக இருக்கும், ஆனால் அதில் வேலை செய்வது 8 லேன், அதாவது தரவு போகும் 8 தடம் மட்டும். கார்டையும் போர்டையும் இணைக்கும் பாதைக்குப் பெயர் பிசிஐ எக்ஸ்பிரஸ், கார்டு அதில் 5.0 வகை. பி450 போர்டோ 3.0. பிராசசரான ரைசன் 5 5500-ம் 3.0 தான், அதை நல்ல போர்டில் மாட்டினாலும் மாறாது. 3.0-இல் ஒரு லேனுக்கு நொடிக்குச் சுமார் 1 ஜிபி. எட்டு லேன், 8 ஜிபி. அதே கார்டை 4.0 போர்டில் மாட்டினால் 16 ஜிபி. சாதாரண நேரத்தில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. கார்டின் 8 ஜிபி நினைவகம் நிரம்பும்போதுதான் சிக்கல். நிரம்பி வழிவதை எல்லாம் கணினியின் ரேமில் போட்டு எடுக்க வேண்டும், அந்தப் போக்குவரத்து இந்தப் பாதை வழியாகத்தான். பாதை குறுகலாக இருந்தால் வண்டி வளைவில் திரும்பும்போது படம் ஒரு நொடி நின்று நின்று போகும். சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்) நன்றாகவே காட்டும், கண்ணுக்கு மட்டும் உறுத்தும். வாங்கியவர் கார்டு பழுது என்று நினைத்து அலைவார்.

இரண்டாவது அந்த எஸ்எம்பிஎஸ். கேபினட்டோடு "500 வாட்" என்று வருவதில் பக்கவாட்டு ஸ்டிக்கரைப் படியுங்கள். அதில் +12வி என்று ஒரு கட்டம் இருக்கும், அதன் கீழே ஆம்பியர். அந்த எண்ணை 12-ஆல் பெருக்குங்கள். போன மாதம் என்னிடம் வந்த ஒரு "500 வாட்" பெட்டியில் 18 ஆம்பியர் என்று இருந்தது. 18 பெருக்கல் 12, மொத்தம் 216 வாட். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் இந்த 12 வோல்ட்டிலிருந்துதான் குடிக்கின்றன. 5060-க்கு மட்டும் 145 வாட். மீதி 71 வாட்டில் பிராசசர், விசிறிகள், போர்டு எல்லாம் ஓட வேண்டும். ஒழுங்கான 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் அந்தக் கட்டத்தில் 45 ஆம்பியர் அளவில் இருக்கும், அதாவது 540 வாட். கையில் தூக்கிப் பார்த்தாலே எடை சொல்லிவிடும்.

80 பிளஸ் முத்திரை இருந்தால் போதும் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்கான முத்திரை. உள்ளே பாதுகாப்புச் சுற்று எப்படி என்று அது சொல்லாது.

என் யோசனை: ரைசன் 5 7600, ஏஎம்டியின் புதிய ஏஎம்5 சாக்கெட் உள்ள பி650எம் போர்டு, டிடிஆர்5 6000 வேகத்தில் 16+16, நல்ல 550 அல்லது 650 வாட் எஸ்எம்பிஎஸ். கிராபிக்ஸ் கார்டு 5060 வேண்டும் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். பி650-இல் அதற்கு 4.0 வேகம் கிடைக்கும். பணம் இடித்தால் கார்டைத் தொடுவதற்கு முன் கேபினட்டின் வண்ண விளக்குகளைக் குறையுங்கள்.

இன்டெல்_பக்கத்து_வீடு, 2025 ஆகஸ்ட் 10

அக்கா சொன்னதில் லேன் கணக்கு சரி. ஆனால் அதற்காக ஏஎம்5 வரை போக வேண்டியதில்லை. இன்டெல் ஐ5 12400எஃப் பிராசசர், எல்ஜிஏ1700 சாக்கெட் உள்ள ஒரு எச்610 அல்லது பி760 போர்டு, டிடிஆர்4 ரேம். கிராபிக்ஸ் ஸ்லாட் 4.0 கிடைத்துவிடும், செலவு நன்றாகக் குறையும். மிச்சப் பணத்தில் 16 ஜிபி கார்டுக்கே போகலாம். விளையாட்டுக் கணினியில் காசு கார்டில்தான் இருக்க வேண்டும்.

கவனிக்க வேண்டியது ஒன்றுதான். எல்ஜிஏ1700 போர்டுகளில் ஒரே பெயரில் டிடிஆர்4, டிடிஆர்5 என்று இரண்டு வகையும் வரும். பெயரின் வாலில் டி4 என்று இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், எஃப் என்று முடியும் பிராசசரில் படம் காட்டும் பகுதி கிடையாது. மானிட்டர் கேபிளை மதர்போர்டில் சொருகிவிட்டுப் படம் வரவில்லை என்று பலர் வருகிறார்கள்.

வேலூர்_வெயில், 2025 ஆகஸ்ட் 10

நீங்கள் சொல்வது இன்றைக்கு மலிவு, மறுக்கவில்லை. ஆனால் எல்ஜிஏ1700 சாக்கெட் 12, 13, 14 என்று மூன்று தலைமுறையோடு முடிந்துவிட்டது. அடுத்து வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு எல்ஜிஏ1851. ஏஎம்5-க்குக் குறைந்தது 2027 வரை ஆதரவு என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. இந்தத் தம்பி இரண்டாம் ஆண்டு. வேலைக்குப் போய் முதல் சம்பளத்தில் பிராசசரை மட்டும் கழற்றி மாற்றிக்கொள்ள வழி இருக்கட்டும் என்பதுதான் என் எண்ணம். ஒன்றரை வருடம் ஆல்பம் செய்து சேர்த்த பணம் அது.

மலைக்கோட்டை_வாசல், 2025 ஆகஸ்ட் 11

எஸ்எம்பிஎஸ் பேச்சு வந்ததால் என் அனுபவத்தையும் சொல்கிறேன், வேறு யாருக்கும் நடக்கக் கூடாது.

மூன்று வருடம் முன்பு பழைய மாடுலர் (கேபிள்களைத் தனியே கழற்றி மாட்டும் வகை) எஸ்எம்பிஎஸ்ஸை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று மாட்டினேன். கேபினட்டுக்குள் கேபிள்களை அழகாகக் கட்டி வைத்திருந்தேன், பிரிக்க மனம் வரவில்லை. பழைய கேபிள்களை அப்படியே விட்டுப் புதிய பெட்டியில் சொருகினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. சுவிட்சைப் போட்டதும் மெலிதாக ஒரு சத்தம், பிறகு கருகல் வாடை. இரண்டு ஹார்ட் டிஸ்க்கும் போயின. அப்பா அம்மா அறுபதாம் கல்யாணப் படங்கள் ஒன்றில் இருந்தன. வேறு எங்கும் பிரதி இல்லை.

கேபிளின் பாகம் பக்கத்து முனைக்குத்தான் பொது விதி உண்டு. எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையில் எந்தத் துளையில் 5 வோல்ட், எதில் 12 என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்கு இடையிலும் மாறும். பெட்டியோடு வந்த கேபிளை அந்தப் பெட்டிக்கு மட்டும் பயன்படுத்துங்கள். யாராவது "என்னிடம் உபரி கேபிள் இருக்கிறது" என்று அன்போடு கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பூட்டு_ஊர்க்காரன், 2025 ஆகஸ்ட் 11

படித்ததும் மனசு கனத்துவிட்டது அண்ணா. இன்று மாலையே பழைய கணினியில் இருக்கும் வீட்டுப் படங்களை இரண்டு இடத்தில் பிரதி எடுத்துவிடுகிறேன்.

வேலூர் அக்கா சொன்ன வழியிலேயே போகிறேன். சில சந்தேகங்கள். இப்போது 8+8 ரேம் வாங்கி, பொங்கலுக்கு இன்னொரு 8+8 சேர்க்கலாமா? அந்த 600 விஏ யூபிஎஸ் தாங்குமா? எங்கள் தெருவில் மின்வெட்டு இல்லாத வாரம் இல்லை. எஸ்எஸ்டி எது?

வேலூர்_வெயில், 2025 ஆகஸ்ட் 11

ரேம்: வேண்டாம் தம்பி. ஏஎம்5-இல் நான்கு குச்சி போட்டால் வேகம் விழும். 7000 வரிசை பிராசசரில் இரண்டு குச்சிக்கு ஏஎம்டி உறுதி தருவது 5200, நான்கு போட்டால் 3600. இரண்டு குச்சியை 6000-இல் ஓட்டுவது எல்லோரும் செய்வது, நான்கை அப்படி ஓட்ட முடிவது அவரவர் அதிர்ஷ்டம். இப்போதே 16+16 ஒரே பெட்டியாக வாங்குங்கள். இரண்டு தனிக் குச்சிகளை வேறு வேறு நாளில் வாங்கி ஜோடி சேர்க்க வேண்டாம், ஒரே பெயர் போட்டிருந்தாலும் உள்ளே இருக்கும் சில்லு வேறாக இருக்கலாம்.

எஸ்எஸ்டி: எம்.2 என்பது வடிவத்தின் பெயர். உள்ளே சாட்டா வகையும் உண்டு, என்விஎம்இ வகையும் உண்டு. சாட்டா என்றால் நொடிக்கு 550 எம்பி அளவோடு நின்றுவிடும். பெரும்பாலான பி650 போர்டுகளில் எம்.2 சாட்டாவை அடையாளமே காணாது. என்விஎம்இ, 4.0, 1 டிபி என்று கேட்டு வாங்குங்கள்.

யூபிஎஸ்: இதைத்தான் யாரும் பாகப் பட்டியலில் எழுதுவதில்லை. 600 விஏ என்பது வழக்கமாக 360 வாட். 7600 முழு வேகத்தில் 88 வாட் வரை எடுக்கும், கார்டு 145, மற்றதெல்லாம் 50, மானிட்டர் 30. கூட்டினால் 313. புது பேட்டரி என்றால் விளிம்பில் நிற்கும், மூன்று வருடப் பழைய பேட்டரி என்றால் மின்சாரம் போன அதே நொடியில் எல்லாமே அணையும். இன்னொன்று, மலிவு யூபிஎஸ் பேட்டரியிலிருந்து தருவது சுத்தமான சைன் அலை இல்லை, படிப்படியான அலை. நல்ல எஸ்எம்பிஎஸ்களில் ஆக்டிவ் பிஎஃப்சி என்ற சுற்று இருக்கும், சில சமயம் அதற்கும் இந்த அலைக்கும் ஒத்துப்போகாது. பழைய கணினியை நன்றாகத் தாங்கிய யூபிஎஸ் புதியதைத் தாங்காமல் போவது இதனால்தான். 1000 விஏ ஒன்றுக்கு இப்போதே பணம் ஒதுக்குங்கள். வாட் எவ்வளவு என்று பெட்டியில் பார்த்து வாங்குங்கள்.

கேபினட்டுக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். முன்பக்கம் கண்ணாடி இல்லாமல் வலையாக இருக்கட்டும். நம் ஊர் ஏப்ரல் மே வெயிலில் அறையே 38 டிகிரி இருக்கும்போது கண்ணாடிக்குப் பின்னால் விசிறி எதை இழுக்கும்? கார்டின் நீளத்தை மட்டும் கேபினட் அட்டையில் போட்டிருக்கும் அளவோடு ஒப்பிடுங்கள். 7600-உடன் வரும் கூலர் போதும்.

சிம்லிம்_வாசி, 2025 ஆகஸ்ட் 12

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். இங்கே சிம் லிம் ஸ்கொயரில் விலை குறைவு என்று ஊரிலிருந்து தம்பிகள் கார்டு வாங்கி வரச் சொல்வார்கள். வாங்கும் முன் வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்று எழுத்தில் கேளுங்கள். விலை வித்தியாசத்தைவிட அது முக்கியம்.

போர்டு பற்றி ஒரு வார்த்தை. 7600 என்றால் எந்த பி650-யும் எடுத்த எடுப்பில் ஓடும். 9600எக்ஸ் மாதிரி 9000 வரிசைக்குப் போனால் பழைய சரக்கு போர்டில் பயாஸ் (போர்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருள்) புதுப்பிக்க வேண்டியிருக்கும். பின்பக்கம் பயாஸ் ஃபிளாஷ்பேக் பொத்தான் உள்ள போர்டாக எடுங்கள். பிராசசர் இல்லாமலேயே பென்டிரைவில் ஃபைலைப் போட்டு ஏற்றிவிடலாம்.

பூட்டு_ஊர்க்காரன், 2025 ஆகஸ்ட் 24

எல்லாம் வாங்கியாயிற்று. கடைக்காரரும் நல்லபடியாகப் பட்டியலை மாற்றிக் கொடுத்தார். இன்று காலை முதல் நானும் தங்கையும் உட்கார்ந்து மாட்டினோம். ஏஎம்5-இல் ஊசிகள் பிராசசரில் இல்லை, சாக்கெட்டில்தான் இருக்கின்றன என்று தெரிந்தும் மூடியைத் திறந்தபோது கை நடுங்கியது. அத்தனை ஊசியும் பொன்னிறத்தில் எறும்புக் கூட்டம் மாதிரி நின்றன. தங்கை செல்போன் வெளிச்சம் பிடிக்க, முக்கோணக் குறியைப் பார்த்து வைத்தேன். கம்பியை அழுத்தியதும் மேலிருந்த கறுப்பு மூடி தானாகத் தெறித்து விழுந்தது.

ஆனால் இப்போது படம் வரவில்லை. விசிறிகள் சுற்றுகின்றன, போர்டில் டிராம் என்று எழுதிய இடத்தில் ஆரஞ்சு விளக்கு எரிகிறது. ஒரு நிமிடம் பார்த்துவிட்டு அணைத்தேன். மூன்று முறை செய்தும் அப்படியேதான். ரேம் பழுதா? யாராவது இருக்கிறீர்களா?

வேலூர்_வெயில், 2025 ஆகஸ்ட் 24

இருக்கிறேன் தம்பி. இனி அணைக்காதீர்கள். டிடிஆர்5 முதல் முறை எரியும்போது போர்டு ஒவ்வொரு குச்சியோடும் பேசி வேகத்தைப் பழகிக்கொள்ளும். அதற்குச் சில நிமிடங்கள் ஆகும், அதுவரை திரை இருட்டாகத்தான் இருக்கும். நீங்கள் நடுவில் அணைக்க அணைக்க மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

அதற்கு முன் ஒன்று. குச்சிகளை எந்த ஸ்லாட்டில் போட்டீர்கள்?

பூட்டு_ஊர்க்காரன், 2025 ஆகஸ்ட் 24

பிராசசரை ஒட்டி முதல் இரண்டில்.

வேலூர்_வெயில், 2025 ஆகஸ்ட் 24

அந்த இரண்டும் ஒரே சேனல், அதாவது பிராசசருக்குப் போகும் ஒரே பாதை. மின்சாரத்தை முழுக்க நிறுத்திவிட்டு, பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போடுங்கள். இரு முனையிலும் டிக் என்று சத்தம் வர வேண்டும். பிறகு எரியவிட்டு, பத்து நிமிடம் எழுந்து போய் காபி குடித்துவிட்டு வாருங்கள்.

பூட்டு_ஊர்க்காரன், 2025 ஆகஸ்ட் 24

வந்துவிட்டது அக்கா!! நான்கு நிமிடம்தான். தங்கை கத்தியதில் பக்கத்து வீட்டுப் பாட்டி எட்டிப் பார்த்தார். ரொம்ப நன்றி. உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு செய்த மாதிரி இருந்தது.

இன்டெல்_பக்கத்து_வீடு, 2025 ஆகஸ்ட் 24

வாழ்த்துகள். மூன்று வேலை பாக்கி. பயாஸில் எக்ஸ்போ என்ற ரேம் வேக அமைப்பை இயக்குங்கள், இல்லாவிட்டால் 6000 ரேம் 4800-இல் ஓடிக்கொண்டிருக்கும். விண்டோஸ் திரை அமைப்பில் 165 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுங்கள், அதுவாக 60-இல் நிற்கும். வாலரன்ட் விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு அம்சங்களையும் கேட்கும், அவற்றையும் பயாஸிலேயே பார்த்துவிடுங்கள்.

கரூர்_தறி, 2025 டிசம்பர் 14

இந்த இழையை முழுதும் படித்துவிட்டு அதே பட்டியலோடு கடைக்குப் போனேன். 16+16 டிடிஆர்5 விலையைக் கேட்டுத் திரும்பி வந்துவிட்டேன். பூட்டு ஊர்த் தம்பி வாங்கியதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் சொல்கிறார்கள். என்னிடம் இருப்பது ரைசன் 3 2200ஜி, பி450எம், டிடிஆர்4 3200 8+8. என்ன செய்யலாம்?

வேலூர்_வெயில், 2025 டிசம்பர் 14

நினைவகச் சில்லுகளை எல்லாம் ஏஐ டேட்டா சென்டர்கள் வாரிக்கொண்டு போகின்றன, அதனால் இந்த விலை. ஆகஸ்டில் நான் சொன்ன பட்டியல் ஆகஸ்டுக்குச் சரி. இன்று உங்கள் கையில் இருக்கும் அந்த டிடிஆர்4 தான் சொத்து. அதை விடாதீர்கள். அன்றைக்கு டிடிஆர்4 பக்கம் வாதாடிய நண்பர் கணக்கு இன்று எடுபடுகிறது.

போர்டையும் ரேமையும் வைத்துக்கொண்டு ரைசன் 5 5600 மட்டும் வாங்குங்கள். 2200ஜி உள்ளே இருக்கும்போதே, அதைக் கழற்றும் முன், பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள். கழற்றிய பிறகு என்றால் புதியதை வைத்து எரியவே எரியாமல் போகலாம்.

கார்டு விஷயத்தில் மட்டும் மேலே சொன்னதை அப்படியே எடுக்காதீர்கள். உங்கள் போர்டு 3.0. அதனால் 8 லேன் கார்டு வேண்டாம். ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபியில் 16 லேனும் வேலை செய்யும். 3.0-இல் பதினாறு லேன் என்றால் 4.0-இல் எட்டு லேனுக்குச் சமம், 16 ஜிபி. நினைவகமும் அவ்வளவு சீக்கிரம் நிரம்பாது.

எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரில் 12வி கட்டத்தில் என்ன எண்?

கரூர்_தறி, 2025 டிசம்பர் 14

மேசைக்கு அடியில் படுத்துப் பார்த்தேன் அக்கா. 450 வாட், 12வி-யில் 36 ஆம்பியர். பெருக்கினால் 432.

வேலூர்_வெயில், 2025 டிசம்பர் 14

போதும். பிராசசரும் கார்டும் வாங்கிக்கொண்டு வாருங்கள், பயாஸை ஏற்றும்போது நான் இங்கே இருக்கிறேன்.